நாலு விரல் மடிப்பு

துணி சுருங்கிவிட்டது என்று சித்தி துணிக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனது செவ்வாய்க்கிழமை. செருப்பு ஒன்று சின்னதாக இருக்கிறது என்று செருப்புத் தைப்பவரிடம் போனது வியாழக்கிழமை. சனிக்கிழமை காலையில் செயற்கைக் கால் செய்பவரிடம் போனாள். நடுவில் இருந்த நாட்களில் சும்மா இருந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தையல் மிஷினோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் தையல்காரி. அவள் வளர்க்கிற பிள்ளை பட்டாணி அவளைச் சித்தி சித்தி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெரு முழுக்கவே அவள் சித்தி ஆகிவிட்டாள். அவளைவிடப் பத்து வயது பெரியவரான துணிக்கடைக்காரர்கூட வாய் தவறி ஒருநாள் அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு தண்ணியிலேயே இப்படிச் சுருங்கினா இது துணியா, காகிதமா?" என்று பட்டாணியின் கவுனை அவர் மேஜையில் விரித்துப் போட்டாள். "முட்டியை மூடுற மாதிரி தைச்சேன். இப்ப முட்டி வெளிய நின்னு வேடிக்கை பாக்குது."

"ஏம்மா, இதே துணியை நாப்பது பேர் வாங்கியிருக்காங்க. ஒருத்தராவது வந்து கேட்டாங்களா?"

"அவங்களுக்கெல்லாம் வாய் இல்ல. எனக்கு இருக்கு."

"அதுதான் ஊருக்கே தெரியுமே," என்று முனகிக்கொண்டு அவர் வேறு வாடிக்கையாளர் பக்கம் திரும்பிக்கொண்டார். புத்திசாலி மனிதர்.

செருப்புத் தைப்பவருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இடது செருப்பு பட்டாணியின் காலைக் கடிக்கிறது, வலது செருப்பு சும்மா இருக்கிறது, ஆகவே இடது செருப்பைச் சின்னதாகத் தைத்திருக்கிறீர்கள் என்று சித்தி கேஸை அடுக்கிக் காட்டினாள். இரண்டும் ஒரே அளவுதான் என்று அவர் செருப்பை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டியும் நம்பவில்லை. வலது பக்கம் இருப்பது ரப்பர் பாதம், அது எதைக் கொடுத்தாலும் போட்டுக்கொள்ளும் என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

பட்டாணிக்கு எட்டு வயது. பிறந்தபோது கைக்குள் அடங்கும்படி இருந்ததால் அப்பா வைத்த பெயர் அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, அவர்கள் குடியிருந்த மாடிக் கட்டடத்தின்மேல் விமானம் குண்டைப் போட்டுவிட்டுப் போனது. அப்பா, அம்மா, ஏழு வயது அக்கா, மூன்று பேரும் போய்விட்டார்கள். அந்தக் கட்டடத்தில் செத்த பத்தொன்பது பேரில் பதினோரு பேர் குழந்தைகள். எதிரிகளை மட்டுமே குறிவைத்தோம் என்று ரேடியோவில் ஒரு குரல் சொன்னது. அந்தப் பதினோரு எதிரிகளில் பாதிப் பேருக்கு உடுப்புத் தைத்தவள் சித்தி. அதில் பெரிய எதிரிக்கு இடுப்பு இருபத்திரண்டு அங்குலம்.

பட்டாணி மட்டும் வலது காலைத் தொடைப் பாதியில் விட்டுவிட்டு உயிரோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் அந்தக் காலைச் சரிசெய்ய மூன்று தடவை கத்தி வைத்தார்கள். மூன்றாவது தடவை முடிந்து கண் விழித்த குழந்தையிடம், "இனிமே கத்தி கிடையாது. சித்தி சொல்றேன், கிடையவே கிடையாது," என்று கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அதற்குப் பிறகு பட்டாணி பேசினாள், சிரித்தாள், சண்டை போட்டாள். வளரத்தான் இல்லை. சித்தி மாதம் தவறாமல் கதவோரம் நிறுத்தி டேப் பிடித்துப் பார்த்தாள். ஒரு நூல் ஏறவில்லை. "பயந்த உடம்பும்மா, நாளாகும்," என்றார் டாக்டரம்மா. ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்த சித்தி, மனசு விட்டுப்போய் அளப்பதையே நிறுத்திவிட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அளவெடுத்த டேப் அந்த ஒரு பிள்ளை பக்கம் மட்டும் போகவில்லை. பழைய கவுனைத் துணிமேல் வைத்து, அதே அளவில் புதுக் கவுன் வெட்டுவாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டாணி பள்ளிக்கூடம் விட்டு வந்த நடை சரியாக இல்லை. ஒவ்வொரு எட்டுக்கும் வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தாள். காலைக் கழற்றிப் பார்த்தால் தொடையில் இரண்டு பக்கமும் சிவந்திருந்தது. பக்கத்துத் தெருப் பையனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. உள்ளே எலும்பு கூராக நீண்டுவிட்டது என்று மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கத்தி வைத்தார்கள்.

"வலிக்குதா?"

"இல்ல. இறுக்குது," என்றாள் பட்டாணி. பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கத்தியா சித்தி?" என்றாள்.

"சீச்சீ. கால் செஞ்ச ஆளு ஏதோ கோணல்மாணலா செஞ்சு வெச்சிருக்காரு. நாளைக்கு ஒரு கை பாத்துடறேன்."

கால் செய்பவரின் கூடம் ஆஸ்பத்திரியின் பின்பக்கம் இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் அவர் நாற்காலி செய்துகொண்டிருந்தவர். "அப்பல்லாம் நாலு நாலா செய்வேன், இப்ப ஒண்ணொண்ணா செய்யறேன்," என்பார். சுவர் நெடுகச் சின்னச் சின்னக் கால்கள் தொங்கின. ஒன்றில் யாரோ பந்து வரைந்திருந்தார்கள், ஒன்றில் மீன். வெளித் தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டப்பந்தயம் விட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் இத்தனை பிள்ளைகளின் கால் அளவு ஒரு மனிதருக்குத் தெரிந்திருப்பது அநியாயம். ஆனால் பந்தயத்தில் தோற்றவன் போட்ட கூச்சலைக் கேட்டால் அநியாயமெல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோகும்.

"அண்ணே, கால் கோணிப்போச்சு," என்று சித்தி வாசலிலேயே ஆரம்பித்தாள். "பத்து மாசம் தாங்கல. நாற்காலிக்கு இப்படிச் செஞ்சிருந்தா உக்காந்தவன் உங்களை விட்டிருப்பானா?"

"உக்காரும்மா. முதல்ல கத்தி முடி, அப்புறம் பாக்கறேன்."

அவர் பட்டாணியின் தொடை நுனியை விரலால் அழுத்தினார். "வலிக்குதா பட்டாணி?"

"கூச்சமா இருக்கு மாமா!" என்று அவள் நெளிந்தாள்.

"நுனியில ஒண்ணும் இல்ல," என்றார். சித்தி விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. ஆனால் அவர் முகம் இன்னும் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. காலை மாட்டி அவளை நேராக நிற்க வைத்தார். இரண்டு உள்ளங்கையையும் இடுப்பின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்தார். வலது பக்கம் தாழ்ந்திருந்தது. அலமாரியிலிருந்து மெல்லிய பலகைத் துண்டுகளை எடுத்துவந்தார். ரப்பர் பாதத்துக்கு அடியில் ஒரு பலகையைச் செருகினார். கை வைத்துப் பார்த்தார். போதவில்லை. இரண்டாவது பலகை. போதவில்லை. மூன்றாவது.

"என்ன அண்ணே?" என்று சித்தியும் குனிந்தாள்.

நான்காவது பலகையில் இடுப்பு இரண்டு பக்கமும் சமமாக நின்றது. அவர் குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்து, கையைத் தட்டித் தூசி உதறிக்கொண்டார்.

"கால் எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. நான் எப்படிச் செஞ்சேனோ அப்படியே இருக்கு. புள்ளதான் வளர்ந்துடுச்சு."

சித்திக்கு விளங்கவில்லை. "எந்தப் புள்ள?"

"இங்க எத்தனை புள்ள நிக்குது? இந்தக் கால் ரெண்டு சென்டிமீட்டர் நீண்டிருக்கு, அந்தக் கால் இரும்பு, அது எப்படி நீளும்? அதான் சாயுது. தொடையும் பெருத்திருக்கு, அதான் இறுக்குது. ஏம்மா, கழுத்துல தொங்குதே, அது என்ன, சங்கிலியா?"

சித்தி கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். டேப். பட்டாணியைச் சுவரோரம் நிறுத்தினாள். உச்சந்தலையில் விரலை வைத்துப் படித்தாள். தப்பாகப் படித்துவிட்டோம் என்று மறுபடி பிடித்தாள். கடைசியாகக் கதவோரம் அளந்ததைவிட இரண்டரை அங்குலம் கூடுதல். துணி சுருங்கவில்லை. செருப்பு சிறுக்கவில்லை. ஊரில் பாதிப் பேரிடம் வீணாக வாயைக் கொடுத்திருக்கிறாள். சந்தோஷம் தாங்காமல் அவளுக்கு அழுகை வந்தது, அழுகையோடு சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்து அடக்க முடியாமல் குழந்தையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்ப கத்தி இல்லியா?" என்று கேட்டாள் பட்டாணி.

"கத்தியும் இல்ல, கத்தரிக்கோலும் இல்ல. ஒரு ஸ்பேனர் போதும்," என்றார் கால் செய்பவர். பிறகு தாழ்வாரத்துக்குக் கேட்கும்படி, "டேய், பட்டாணி வளர்ந்துடுச்சுடா!" என்று ஒரு சத்தம் போட்டார்.

பந்தயம் நின்றது. அத்தனை பிள்ளைகளும் ஓடி, நொண்டி, கட்டைகளைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்து விழுந்தார்கள். எனக்கு அளங்க, எனக்கு அளங்க என்று சித்தியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் ஒவ்வொருவராகச் சுவரோரம் நிறுத்தி அளந்து, சாக்பீஸால் கோடு போட்டாள். சுவர் பூராக் கோடு. போன தடவை கால் செய்தபோது எடுத்த உயரத்தைக் கால் செய்பவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கூச்சல் கிளம்பியது. ஒரே ஒரு பையன் மட்டும் அப்படியே இருந்தான். சித்தி டேப்பைக் கொஞ்சம் தொய்வாகப் பிடித்து, "கால் அங்குலம் ஏறியிருக்குடா," என்றாள். இருபது வருஷத் தொழிலில் அவள் சொன்ன முதல் பொய் அளவு அதுதான்.

கால் செய்பவர் ஸ்பேனரால் இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினார். உள்ளே ஒளிந்திருந்த குழாயை இழுத்தார். கால் நீண்டது. தொடை பொருந்துகிற குழியிலிருந்து வெங்காயத் தோலை உரிக்கிற மாதிரி ஒரு அடுக்கை உரித்துப் போட்டார்.

"இன்னும் ரெண்டு அடுக்கு இருக்கு. குழாயும் இருக்கு. ஒரு வருஷம் தாராளமா வளரலாம்."

சித்தி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். "அப்ப இவ வளரவே இல்லியே. எதை நம்பி அண்ணே இடம் விட்டீங்க?"

"நம்பறதென்ன? புள்ளைங்களுக்குச் செஞ்சா இடம் விட்டுத்தான் செய்யணும். கை பழகிப்போச்சு." அவர் பட்டாணியின் கவுன் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "நான் இரும்புல விட்டிருக்கேன். நீ துணியில விடலியேம்மா. மடிப்பே காணோம்?"

சித்தி குனிந்து, கவுன் ஓரத்தைத் தானும் திருப்பிப் பார்த்தாள்.

பிள்ளைகளுக்குத் தைத்தால் அடியில் நாலு விரல் உள்ளே மடித்துத் தைக்க வேண்டும், வளர வளரப் பிரித்து விட வேண்டும். எந்தத் தையல்காரிக்கும் இது முதல் பாடம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சித்தி அப்படித்தான் தைத்தாள். பட்டாணிக்கு மட்டும், குண்டு விழுந்த அந்த நாளுக்குப் பிறகு, விளிம்பை ஒட்டி ஒரு தையல். அடுத்த வருஷம் என்று ஒன்றை நினைத்து மடிக்க அவள் கைக்கு வரவில்லை. காரணம் அவள் பெட்டியில் இருந்தது. குண்டு விழுவதற்கு முந்தின நாள் பட்டாணியின் அக்கா அக்குளில் கிழிந்த பச்சைக் கவுனைத் தைக்கக் கொடுத்துவிட்டுப் போனாள். கடையில் கிடந்ததால் அது ஒன்றுதான் மிஞ்சியது. அதன் அடியில் சித்தி விட்ட நாலு விரல் மடிப்பு, பிரிக்காமல், அப்படியே இருந்தது.

திரும்பும்போது பட்டாணி நேராக நடந்தாள். நேராக நடப்பது போதாதென்று குதித்தாள். துணிக்கடை வாசலில் சித்தி நின்று, "உங்க துணி நல்ல துணிதான்," என்று சொன்னாள். துணிக்கடைக்காரர் அடுத்து என்ன வரப்போகிறதோ என்று பயந்து எழுந்தே நின்றுவிட்டார். செருப்புத் தைப்பவரிடம், இடது காலுக்கு மட்டும் ஒரு அளவு பெரிய செருப்பு வேண்டும் என்றாள். அவருக்குத் தலை சுற்றியது.

"எனக்குப் போட்டுக்க கவுனே இல்ல," என்றாள் பட்டாணி வீட்டுக்கு வந்ததும். "எல்லாம் சின்னது. நான் பெரிய ஆளு."

சித்தி பெட்டியைத் திறந்து பச்சைக் கவுனை எடுத்தாள். அக்குள் கிழிசலை மிஷினில் ஓட்டினாள். பட்டாணிக்குப் போட்டுப் பார்த்தாள். தோள் பொருந்தியது, இடுப்பு பொருந்தியது. நீளம் மட்டும் முட்டிக்கு மேலே நின்றது. அக்காவைவிடத் தங்கை உயரமாகிவிட்டாள்.

"பிரிச்சு விடு சித்தி."

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, சித்தி அந்தத் தையலை ஒவ்வொரு கண்ணாகப் பிரித்தாள். மடிப்பு விரிந்தது. மற்ற இடமெல்லாம் துவைத்துத் துவைத்து வெளுத்திருக்க, அந்த நாலு விரல் அகலம் மட்டும் வாங்கின அன்றைக்கு இருந்த பச்சையாகவே இருந்தது. பட்டாணி அதைத் தடவிப் பார்த்தாள்.

"இது அக்கா வளர்றதுக்கு விட்டதா?"

"ஆமா கண்ணு."

பட்டாணி யோசித்தாள். கவுனை வாங்கி மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள்.

"சரி, அதையும் நானே வளர்ந்துக்கறேன்," என்று சொல்லிவிட்டுத் தெருப் பிள்ளைகளிடம் காட்ட ஓடினாள். இரும்புக் கால் படியில் டக்கு டக்கென்று தட்டிக்கொண்டு போவது கேட்டது. வானம் அன்றைக்குச் சும்மா இருந்தது.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுத் துணியை விரித்தாள். பட்டாணிக்கு ஒரு கவுன் வெட்ட வேண்டும். அடியில் நாலு விரல் வைத்தாள். போதாது என்று பட்டது. இன்னொரு கையையும் பக்கத்தில் வைத்து, எட்டு விரல் விட்டுக் கோடு போட்டாள்.