டாக்டர் தன் வாயால் சொல்ல வேண்டும்

“உள்ள வராதீங்க! எங்களுக்கு யாரும் வேணாம், போயிடுங்க!”

வாசற்கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நோபு வழியை மறித்து நின்றாள். எழுபத்தொன்பது வயது, கட்டை உருவம், ஆனால் அந்த நேரத்தில் அவளை அசைக்க முடியாதுபோல இருந்தது. குப்பை போடப் போனபோது மாட்டிய ரப்பர் கையுறை இன்னும் கையிலேயே இருந்தது. எதிரே ஆம்புலன்ஸ் குழுவின் தலைவி தொமோயே. அவளுக்குப் பின்னால் பையும் கருவிகளுமாக நாகுமோ.

“இந்த வீட்டுலேர்ந்துதாம்மா அவசர நம்பர் நூத்திப்பத்தொன்பதுக்கு போன் வந்துச்சு. மூச்சு இல்லைன்னு சொன்னாங்க.”

“நானா கூப்பிட்டேன்? என் பொண்ணு கூப்பிட்டுத் தொலைச்சிட்டா. குப்பைய வெச்சு, காக்கா கிளறாம மேல வலைய இழுத்து மூடிட்டு வர்றதுக்குள்ள இவ்வளவும் பண்ணிட்டா. அஞ்சு நிமிஷம்கூட இல்ல! அவர் போகட்டும். அப்படித்தான் பேசி முடிவு பண்ணியிருக்கோம்.”

“பாக்காம திரும்பிப் போக எனக்கு அதிகாரம் கிடையாதும்மா. அவரையும் பாக்கறேன், நீங்க சொல்றதையும் கேக்கறேன். வழி விடுங்க.”

நோபு விடவில்லை. நாகுமோ குனிந்து அவள் கைக்கு அடியில் நுழைந்து போய்விட்டான். முப்பத்தோரு வயதில் ஒல்லியாக இருப்பதில் அப்படி ஒரு வசதி உண்டு.

ஜன்னலோரக் கட்டிலில் தெய்ஜி படுத்திருந்தார். எண்பத்துமூன்று வயது. நாற்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். நுரையீரலில் புற்று, இரண்டு வருடமாக. நாடி இல்லை, மூச்சு இல்லை, கருவியில் ஒரே நேர்கோடு. ஆனால் உடம்பு சூடாக இருந்தது, கை கால் விறைக்கவில்லை. விறைத்திருந்தால் வேலை அப்போதே முடிந்திருக்கும். உடம்பு இப்படி இருக்கும்போது விதி ஒன்றைத்தான் சொல்கிறது. நாகுமோ தொமோயேவைப் பார்த்தான், அவள் தலையசைத்தாள். கத்தரிக்கோலால் சட்டையை வெட்டிவிட்டு நாகுமோ நெஞ்சை அழுத்த ஆரம்பித்தான்.

நோபு போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“எடுறா கைய! அவர் அண்ணனுக்கு இப்படித்தான் செஞ்சாங்க. ஆறு விலா எலும்பு போச்சு. அதுக்கப்புறம் மூணு வாரம் மெஷின்ல கெடந்து செத்தார். தினமும் போய்ப் பாத்துட்டு வந்து இந்த மனுஷன் என் கையப் புடிச்சுக்கிட்டு கேட்டார், என் நெஞ்சுல எவனையும் கை வைக்க விடாத, எலும்பு உடையாம என்னை அனுப்பி வைன்னு. நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்மா!”

“எழுதி வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள் தொமோயே.

“அவசரத்துல தேட வேணாம்னு ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கோம்.”

சமையலறைக்கு ஓடிப்போய், ஃப்ரிட்ஜ் கதவில் சோயா சாஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்தாள் நோபு. உள்ளே சுருட்டிய காகிதம். நெஞ்சை அழுத்த வேண்டாம், குழாய் செருக வேண்டாம், வீட்டிலேயே இருக்க விரும்புகிறேன். தெய்ஜியின் கையெழுத்து கோணலாக, நோபுவின் கையெழுத்து, வீட்டுக்கு வந்து பார்க்கும் டாக்டர் கமோஷிதாவின் கையெழுத்தும் முத்திரையும். கீழே அவருடைய போன் நம்பர். குறை சொல்ல ஒன்றுமில்லாத காகிதம்.

“பாத்தாச்சுல்ல? நிறுத்தச் சொல்லு.”

“இது மட்டும் போதாதும்மா. டாக்டர் தன் வாயால எங்கிட்ட சொல்லணும். இவருக்கு இது கடைசி கட்டம்தான், நிறுத்துங்கன்னு. அதுவரைக்கும் கைய எடுக்க முடியாது.”

“காகிதத்துல அவர்தானே கையெழுத்துப் போட்டிருக்கார்?”

“போட்டிருக்கார். இருந்தாலும் அவர் சொல்லணும்.”

“இது என்ன கூத்து!” என்றாள் நோபு.

தொமோயேவுக்கும் சில நாட்களில் அது கூத்தாகத்தான் படும். ஆனால் எழுதி வைத்த பிறகு மனம் மாறியவர்களைப் பார்த்திருக்கிறாள். புற்றுநோய்க்காக எழுதிய காகிதத்தைத் தொண்டையில் சோறு அடைத்ததற்கு நீட்டிய வீட்டையும் பார்த்திருக்கிறாள். விதியை எழுதியவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. அதன் அடுத்த வரிதான் அவளுக்குக் கசப்பு. பத்து நிமிடத்துக்குள் டாக்டர் கிடைக்காவிட்டால் ஆளை வண்டியில் ஏற்றி, வழியெல்லாம் அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போன மாதம் அப்படி ஒரு மனிதரைக் கொண்டுபோனாள். டாக்டர் போனை அணைத்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மனிதரின் மகன் இடுப்பு வரை குனிந்து அவளுக்கு நன்றி சொன்னான். இரண்டு கன்னத்திலும் அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நம்பரை அழுத்தினாள். டூ, டூ, டூ. பேசிக்கொண்டிருக்கிறார்.

மறுபடி அழுத்தினாள். அதேதான். அவர் கிளினிக்குக்குப் போன் போட்டாள்; ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்று பதிவுக் குரல் சொன்னது. கட்டுப்பாட்டு அறையை ரேடியோவில் பிடித்து, அங்கிருந்தும் டாக்டரைக் கூப்பிடச் சொன்னாள். அவர்களுக்கும் டூ, டூ, டூ. மூன்று நிமிடம் ஓடிவிட்டது.

“காலங்காத்தால எவன்கிட்ட இப்படி வாய் ஓயாம பேசறாரு மனுஷன்!” என்று தொமோயே வாய்விட்டே திட்டினாள்.

“கேப்டன், மாத்துங்க,” என்றான் நாகுமோ. நெற்றி வேர்வை மூக்கில் வடிந்தது. போனை அவனிடம் வீசிவிட்டு அவள் அழுத்தத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நோபு கட்டிலின் கால்மாட்டில் நின்று, “மெதுவாம்மா, மெதுவா” என்றாள். மெதுவாக அழுத்தினால் அழுத்தாததுபோலத்தான். ஆனாலும் தொமோயேவின் கை ஒரு கணம் தளர்ந்தது உண்மை. தன்மேலேயே கோபம் வந்து பழையபடி அழுத்தினாள்.

பதினேழாவது அழுத்தத்தில், நெஞ்செலும்புக்கு இடப்பக்கம், அவள் உள்ளங்கைக்குக் கீழே ஒன்று முறிந்தது. சத்தம் பெரிதில்லை. நோபு அந்த நேரம் சுவரில் ஒட்டியிருந்த காகிதத்தில் டாக்டரின் வேறு நம்பர் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். நாகுமோ மட்டும் காதில் போனோடு திரும்பிப் பார்த்தான். தொமோயே பதினெட்டு, பத்தொன்பது என்று எண்ணிக்கொண்டே போனாள்.

“இன்னும் பேசிட்டுத்தான் இருக்கார்,” என்றான் நாகுமோ. “ஏழு நிமிஷம் ஆச்சு.”

“ஒகுமுராவைக் கூப்பிடு. ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவரச் சொல்லு.”

அந்த வார்த்தை நோபுவுக்குப் புரிந்துவிட்டது. இவ்வளவு நேரம் கத்தியவள் இப்போது கத்தவில்லை. கட்டிலின் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அந்தக் கட்டிலை அவளிடமிருந்து வாங்க வேண்டியிருக்கும்.

டிரைவர் ஒகுமுரா பின்கட்டு வழியாக வந்தான். ஆள் பருமன், முன்வாசல் நடையில் ஸ்ட்ரெச்சரோடு அவன் திரும்ப முடியாது.

“வழியில பின்கட்டுத் தாழ்வாரத்துல ஒரு அம்மா செவுத்தப் பாத்து குனிஞ்சு குனிஞ்சு நிமிர்றாங்க கேப்டன். நகருங்கன்னா நகர மாட்டேங்கறாங்க. போன்ல யார்கிட்டயோ ஒரே மன்னிப்பு.”

“என் பொண்ணு,” என்றாள் நோபு. “மிதோரி. நகோயாவுலேர்ந்து அப்பாவப் பாக்க வந்திருக்கா.”

“யார்கிட்ட மன்னிப்பு?” என்றாள் தொமோயே, கை நிற்காமல்.

“யாருக்குத் தெரியும். சொல்லாம கொள்ளாம ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டேன், உங்க முகத்துல எப்படி முழிப்பேன் டாக்டர்னு…”

ஒகுமுராவே பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“நாகுமோ, நீ வா!” என்று கத்திவிட்டு தொமோயே பின்கட்டுக்குப் பாய்ந்தாள்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் இருக்கும் வியாதி இது. வீடு பற்றி எரிந்தாலும், அக்கம்பக்கத்தில் புகை போனதற்கு முதலில் மன்னிப்பு கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் தேடுவார்கள். மிதோரிக்கு ஐம்பத்திரண்டு வயது, ஒரு பள்ளிக்கூடத்தையே நிர்வகிக்கிறவள். அப்பா மூச்சு விடவில்லை என்று கண்டதும் கை தானாக நூற்றுப்பத்தொன்பதை அழுத்திவிட்டது. சைரன் கேட்ட பிறகுதான், டாக்டரைத்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மா படித்துப் படித்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. உடனே டாக்டரைக் கூப்பிட்டாள். அழுதாள், மன்னிப்பு கேட்டாள், குனிந்தாள். அப்படியே ஒன்பது நிமிடம்.

தொமோயே போனைப் பிடுங்கினாள்.

“டாக்டர், நான் ஆம்புலன்ஸ் குழுத் தலைவி பேசறேன்.”

“அப்பாடா!” என்றார் கமோஷிதா. “போனை உங்ககிட்ட குடுக்கச் சொல்லி நாலு தடவை சொல்லிட்டேன். அவங்க வேலையா இருக்காங்க, தொந்தரவு பண்ணக் கூடாதுங்கறாங்க. நான் வெச்சுட்டா இன்னும் பயந்துடுவாங்களேன்னு…”

“வெச்சிருக்கணும் டாக்டர்! சரி, இப்ப சொல்லுங்க. சீக்கிரம்.”

“மொரோஹாஷி தெய்ஜி, எண்பத்துமூணு. நுரையீரல் புத்துநோய். இன்னும் சில நாள்தான்னு போன வாரமே வீட்டுல சொல்லிட்டேன். காகிதத்துல இருக்கறது அவரோட விருப்பம், கையெழுத்து என்னோடது. நிறுத்திடுங்க. அரை மணியில நான் அங்க இருப்பேன்.”

“நேரம் எட்டு முப்பத்தொண்ணு. குறிச்சுக்கறேன்,” என்ற தொமோயே, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “நாகுமோ, கைய எடு.”

திடீரென்று வீடு அமைதியாகிவிட்டது. அதுவரை கட்டில் எவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. நாகுமோ தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். நோபு கம்பியிலிருந்து கையை எடுத்து, புருஷனின் கலைந்த தலைமுடியைக் கோதிச் சரிசெய்தாள். கையுறையைக் கழற்றாமலே செய்கிறோம் என்று தெரிந்ததும் அதை உருவி எறிந்துவிட்டு மறுபடி கோதினாள்.

டாக்டர் வரும்வரை குழு இருந்துதான் ஆக வேண்டும், அதுவும் விதி. ஒகுமுரா ஸ்ட்ரெச்சரை ஓசைப்படாமல் மடித்துக்கொண்டு வெளியே போனான். நாகுமோ கருவியின் வயர்களைப் பிரித்து, தெய்ஜியின் மேல் போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டான். தொமோயே மூலையில் நின்று அறிக்கையை எழுதத் தொடங்கினாள்.

மிதோரி அறை வாசலில் வந்து மண்டியிட்டாள். நெற்றி தரையில் பட்டது.

“அம்மா, என்னாலதான். நான் கூப்பிடலைன்னா இவங்க வந்திருக்கவே மாட்டாங்க. நான் போனை வெச்சிருந்தா ஒரே நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அப்பாவை நான்தான்…”

“சும்மா இரு,” என்றாள் நோபு. மகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. தொமோயேவைப் பார்த்தாள்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், ஒளிக்காம சொல்லு. உடைஞ்சுதா?”

மிதோரி தலையைத் தூக்கினாள்.

இருபத்திரண்டு வருட வேலையில் தொமோயே எந்த வீட்டிலும் பொய் சொன்னதில்லை. தப்பு செய்தால் தப்பு செய்தேன் என்று சொல்லிவிடுவாள். அதற்காக மேலதிகாரிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். கையிலிருந்த அறிக்கையில் ஒரு நிமிடத்துக்கு முன்னால்தான், இடப்பக்கம் விலா எலும்பு முறிவு, ஒன்று, என்று எழுதியிருந்தாள். அந்தக் காகிதம் இந்த வீட்டுக்கு வராது. வாசலில் மண்டியிட்டிருந்த பெண்ணோ இன்னும் முப்பது வருடம் உயிரோடு இருக்கப் போகிறவள்.

“உடையலம்மா,” என்றாள் தொமோயே.

நாகுமோ தலையைக் குனிந்துகொண்டான்.

நோபு வெட்டப்பட்ட சட்டையை விலக்கி, உள்ளங்கையைப் புருஷனின் நெஞ்சில் வைத்தாள். இரண்டு வருடமாகத் தினமும் துடைத்துவிட்ட நெஞ்சு அது. எந்த எலும்பு எங்கே துருத்திக்கொண்டிருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். கை வலப்பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்து வந்தது. நெஞ்செலும்பைத் தாண்டி இடப்பக்கம் வந்ததும் நின்றது. இரண்டு விரலால் லேசாக அழுத்திப் பார்த்தாள். தொமோயே மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தாள்.

நோபு அவளை ஏறிட்டுப் பார்த்து, கேட்காதே என்று தலையை மட்டும் அசைத்தாள். பிறகு போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடினாள்.

“கேட்டியா மிதோரி, உடையலையாம். நானும் தடவிப் பாத்துட்டேன். எலும்பெல்லாம் முழுசா இருக்கு. எழுந்து போய் வெந்நீர் வை. டாக்டர் வர்றதுக்குள்ள அப்பாவுக்கு மூஞ்சி தொடைச்சு விடணும்.”

“நிஜமாவாம்மா?”

“நிஜமாத்தான். போ.”

மிதோரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் நோபு போர்வைக்குள் கையை விட்டு, அந்த இடத்தை உள்ளங்கையால் பொத்தினாள். புருஷனின் காதருகே குனிந்து, “என்னை மன்னிச்சுடுங்க” என்றாள்.