பேர் சொல்ல வேண்டாம்

ஆசிஃபுக்குப் பெருங்குடியில் வேலை. வெளிநாட்டுக் கம்பெனிகளின் கிளைகளில் லஞ்சம், பொய்க் கணக்கு என்று எது நடந்தாலும், அங்கே வேலை செய்கிறவர்கள் பேர் சொல்லாமல் போன் போட்டுப் புகார் சொல்லலாம். அந்த போனை எடுக்கிற ஆள் இவன்தான். லண்டனில் யாரோ துரை எடுக்கிறார் என்று கூப்பிடுகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். என்ன வேலை என்று பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாதென்று எழுதி வாங்கியிருந்தார்கள். வீட்டைப் பொறுத்தவரை அவன் கால் சென்டர், அவ்வளவுதான்.

அன்று மத்தியானம் ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். தி.நகரில் குழந்தைத் துணி வாங்கி ஏற்றுமதி செய்கிற ஆபீஸ். சாயம் போகிற துணியையெல்லாம் சோதனையில் தேறியதாகச் சொல்லி மேனேஜர் கப்பலேற்றுகிறார், அதற்குச் சாயப்பட்டறைக்காரர்கள் அவருக்குக் கொட்டிவாக்கத்தில் வீடே கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றாள். மூச்சுக்கு மூச்சு, “ஹலோ, கேக்குதா?” என்று மட்டும் தமிழில் கேட்டாள்.

இங்கிலீஷில் தெரியாத குரல் தமிழில் ஆசிஃபுக்குத் தெரிந்துவிட்டது. இப்படி மூச்சுக்கு மூச்சு கேட்கிறவள் ஊரிலேயே ஒருத்திதான், அவன் பெண்டாட்டி உம்மே ஹானி. அந்த மேனேஜர் அவனுடைய தாய்மாமா ஷஃபியுல்லா. வாப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்தவர், ஹானிக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர். அந்தக் கொட்டிவாக்கம் வீட்டு மாடியில்தான் புருஷனும் பெண்டாட்டியும் வாடகையில்லாமல் குடியிருந்தார்கள்.

தெரிந்தவர் பேசினால் போனை வேறொருவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. கொடுத்தால் பயந்து வைத்துவிடுவாளோ? மாமாவைக் காட்டிக்கொடுப்பதா, பெண்டாட்டியைக் கைவிடுவதா? மண்டை குழம்பி, வழக்கமான அடுத்த கேள்வியையே ஆபீஸில் பழக்கிய துரை இங்கிலீஷில் கேட்டுவைத்தான்: இது வேறு யாருக்காவது தெரியுமா?

கணவருக்குக்கூடத் தெரியாது என்றாள். சொன்னால் அன்றைக்கே மேனேஜர் காதுக்குப் போய்விடும், கணவருக்கு அவர் தாய்மாமா என்றாள்.

சுருக்கென்றது. என்னைப் பற்றி இவ்வளவுதானா? கோபம் வந்தது, அவள் சொன்னது பொய் என்று அடித்துச் சொல்லவும் முடியவில்லை. குரலைப் பதிவு செய்வதில்லை, அவன் எழுதுவதுதான் மேலே போகும். எல்லாவற்றையும் எழுதினான். அந்தத் தாய்மாமா வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டான். அதை எழுதினால் அவள் பேரையே எழுதின மாதிரிதான்.

அடுத்த வாரமே மாமா மாடியேறி வந்தார்.

“இன்னா மாப்ள, எவனோ என் மேல புகார் குடுத்துகீறான். விசாரிச்சா, அந்த போனை எடுக்குறதே உன் ஆபீஸ்தானாமே?”

ஹானி டீ தட்டை மாமா முன்னால் வைத்துவிட்டு ஆசிஃபையே பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்க ஆசிஃபுக்குத் தைரியம் வரவில்லை.

“ஆமா மாமா. நான்தான் எடுத்தேன்,” என்றான். “யாரோ ஆம்பளை. பேர் சொல்லல.”

மாமா டீயைக் குடித்தார். ஆள் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் அடங்கியதும் ஹானி கதவைத் தாழிட்டாள். அன்றைக்கே குரலைக் கண்டுகொண்டுதான் கணவரைப் பற்றி அப்படிச் சொன்னாளா, இல்லை இப்போதுதான் தெரிந்ததா? ஒன்றும் பிடிபடவில்லை. கேட்டுவிடலாம் என்று வாயெடுத்தான்.

“மச்சான்,” என்றாள் ஹானி, “நாளைக்கே வேற வீடு பாக்கணும்.”