சுருங்கி விரியும் விளிம்புள்ள வடிகட்டி

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் என் மேசைமேல் ‘காப்புரிமை உதவி’ என்று ஒரு பலகை இருக்கிறது. அதைப் பார்த்து என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கழிப்பறைக்குத்தான் வழி கேட்பார்கள். மானாங் நிம்ஃபா மட்டும் ஒரு நோட்டீசை மேசைமேல் அறைந்தாள். மானாங் என்றால் எங்கள் பக்கம் அக்கா, இன்டாய் என்றால் தங்கச்சி. மீன்பிடி ஊரான எஸ்தான்சியாவிலிருந்து பஸ் ஏறி வந்தவள். அவள்மேல் கருவாட்டு வாடை. பக்கத்து மேசைக்காரி மூக்கைச் சுளித்து வாசனைத் தெளிப்பானை அடித்தாள். மத்தியானம் அதே கருவாட்டைக் காடியில் தோய்த்துச் சப்புக்கொட்டித் தின்கிறவள் அவள். இந்த நாசூக்கைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நீ விற்கும் மீன் உலர்த்தும் பெட்டி என் காப்புரிமையை மீறுகிறது, நிறுத்தாவிட்டால் வழக்கு என்றது நோட்டீஸ். கீழே இன்ஜினியர் தியோகாம்போவின் கையெழுத்து.

“யாரு மானாங் இவரு?”

“பயிற்சி குடுக்க வந்த ஆளு, இன்டாய். என் பெட்டியைச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தான். ரிப்போர்ட்டுக்குன்னான். என் வீட்டுலயே உக்காந்து மூணு தட்டு சோறு தின்னான்.”

மீனவர் கூட்டுறவுச் சங்கம் அவளிடம்தான் பெட்டிகள் கேட்டிருந்தது. நோட்டீசைப் பார்த்துப் பயந்துவிட்டது. சனிக்கிழமைக் கூட்டத்தில் அவள் பதில் சொல்லாவிட்டால் ஆர்டர் இன்ஜினியருக்கு. உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்தவனுக்கு.

நோட்டீசில் இருந்த எண்ணைத் தட்டி ஆவணத்தை எடுத்தேன். இதையெல்லாம் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். முதல் பக்கத்தில் கண்டுபிடித்தவர் என்று அவன் பெயர். அடுத்து படம்.

“ஐயோ, இது என் முதல் பெட்டி! குப்பையில கிடந்த ஃபிரிட்ஜ், நான்தான் இழுத்துட்டு வந்தேன். கைப்பிடி உடைஞ்சதைக்கூட வரைஞ்சிருக்கான் பாரு, திருட்டு நாய்!”

“படத்தை விடுங்க மானாங். கடைசிப் பக்கத்துலதான் வேலி. அவன் எதுக்கெல்லாம் உரிமை கேட்டிருக்கான்னு அங்கதான் இருக்கும். அங்க சொன்னது அத்தனையும் உங்க பெட்டியில இருந்தாத்தான் குத்தம்.”

கரண்டியைக்கூட ‘உணவு கடத்தும் கைக்கருவி’ என்று எழுதுகிற பாஷை அது. ஒவ்வொன்றாக அவளுக்குப் புரியும்படி சொன்னேன். கதவு, தட்டு, கண்ணாடி மூடி. பிறகு, “பக்கவாட்டில் ஒரு துளை. அதில் பொருத்திய, சுருங்கி விரியும் விளிம்புள்ள பருத்தி வடிகட்டி.”

“வடிகட்டியா?”

படத்தில் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபிரிட்ஜில் குழாய் போன ஓட்டை அது. அது வழியாக ஈ புகுந்து, முட்டையிட்டு, மீனெல்லாம் புழு நெளிந்ததாம். ஒரு பழைய துணியைத் திணித்து அடைத்திருக்கிறாள். என்ன துணி என்று என் காதில் சொன்னாள். நூலகம் என்பதை மறந்து சிரித்தேன்.

“இப்ப விக்கிற பெட்டியில ஓட்டை இருக்கா?”

“பலகையில செய்யிறேன். ஓட்டை எதுக்கு?”

சனிக்கிழமை நானும் போனேன். இன்ஜினியர் இஸ்திரி கலையாத சட்டையில் வந்து, அந்த வடிகட்டி தன் ஆராய்ச்சியின் பலன் என்றான். கூசாமல் சொன்னான். மானாங் எழுந்தாள்.

“அது என்ன செய்யும், இன்ஜினியர்?”

“துர்நாற்றத்தை உறிஞ்சும். விளிம்பு விரியிறதால இறுக்கிப் பிடிக்கும்.”

“வாஸ்தவம். என் புருஷன் இடுப்பையும் இறுக்கித்தான் பிடிச்சுது. அது அவரு ஜட்டி.”

கூடம் அதிர்ந்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவள் கொண்டுவந்திருந்த பெட்டியைத் திறந்து தடவிப் பார்த்தார். துளையும் இல்லை, வடிகட்டியும் இல்லை. ஆவணத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். ஆர்டர் அவளுக்கே என்றார் தலைவர். இன்ஜினியர் வெட்கப்பட்டிருப்பான் என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினான்.

பஸ் நிறுத்தம் வரை மானாங்கோடு நடந்தேன். மனு போட்டு, காப்புரிமையிலிருந்து அவன் பெயரை நீக்கக் கேட்கலாம் என்றேன்.

“எல்லாரும் சிரிச்சாங்கல்ல, இன்டாய்? என் புருஷன் படகோட போனவரு, உடம்புகூடக் கிடைக்கல. துணிமணியெல்லாம் வெள்ளத்துல போச்சு. மிஞ்சினது அது ஒண்ணுதான். தூக்கிப் போட மனசு வராமத்தான் ஓட்டையில வச்சேன்.”

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

“அதுக்கும் அவன் பேரு.”

ரோட்டோரமாகக் காறித் துப்பினாள். நானும் துப்பினேன்.