வால் வைத்த எண்

பல்கலைக்கழகத்திலிருந்து தையல்நாயகி கொண்டுவந்த மரப்பெட்டியைப் பார்த்ததும் ஆறாம் வகுப்புப் பெண்களுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"ஆர்மோனியமாடி அது?"

"கட்டையைக் காணோமே. இடியாப்பம் புழியற பெட்டியா இருக்கும்."

தையல்நாயகியும் சிரித்துவிட்டாள். அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தைப் பார்த்து அவளுடைய பேராசிரியர் தச்சரிடம் சொல்லிச் செய்த பெட்டி அது. உள்ளே காகிதச் சுருள் இருக்கும். சின்னக் கண்ணாடி சன்னலில் ஒரு கேள்வி தெரியும். பக்கத்துத் திறப்பில் விடையை எழுதிவிட்டுப் பித்தளைக் குமிழைத் திருப்பினால், எழுதினது கண்ணாடிக்கு அடியில் போய்விடும், சரியான விடை எட்டிப்பார்க்கும். அழிக்க முடியாது. சரியாயிருந்தால் பிள்ளையே ஒரு புள்ளி வைத்துக்கொள்ளலாம். வாத்தியார் சொல்லிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்காமல், பிள்ளை தானே செய்து, தன் வேகத்தில் கற்றுக்கொள்கிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

ஒரே ஒரு கட்டுப்பாடு. "நீ வாயைத் திறந்தால் அது பெட்டி கற்பித்ததாகாது. அந்தப் பிள்ளையின் சுருளைத் தூக்கிப் போட வேண்டியதுதான்" என்று பேராசிரியர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தச் சுருளைத் தமிழில் எழுத அவள் மூன்று மாதம் பாடுபட்டிருந்தாள். ஆப்பிளையும் ரயிலையும் எடுத்துவிட்டு, நெடுங்காட்டு நெல்லும் மாட்டு வண்டியும் போட்டிருந்தாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் கண்ணில் கண்ட பொருளாக இருக்கட்டும் என்று அத்தனை கரிசனம்.

பிற்பகல் மூன்று மணிக்குள் இருபத்துமூன்று பெண்கள் உட்கார்ந்து எழுந்தார்கள். கடைசியாக வந்தாள் மெஹர் பானு. பதின்மூன்று வயது. சைகோனில் கடை வைத்திருந்த அவள் வாப்பா, காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்த பிறகு குடும்பத்தோடு ஊர் திரும்பியிருந்தார். அங்கே பிரெஞ்சில் படித்த பெண்ணை எந்த வகுப்பில் வைப்பது என்று பள்ளிக்கூடத்துக்கே இன்னும் குழப்பம்.

முதல் கேள்வி: நெடுங்காட்டு வண்டி ஒன்றில் 1,250 கிலோ நெல் இருக்கிறது. இரண்டு வண்டியில் எவ்வளவு? பானு 2,500 என்று எழுதிப் புள்ளி வைத்தாள். பத்து வண்டியில்? 12,500. இன்னொரு புள்ளி. மூன்றாவதில் அவள் பென்சில் நின்றது. அந்த ஒரு வண்டி நெல்லை ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் எத்தனை மூட்டை? வெகுநேரம் யோசித்து ஏதோ எழுதிக் குமிழைத் திருப்பினாள். 25 என்று வந்தது. பெண்ணின் காது சிவந்துவிட்டது.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா?"

தையல்நாயகி உதட்டின்மேல் விரலை வைத்துத் தலையை ஆட்டினாள். தன் விரலே தனக்குச் சுட்டது போலிருந்தது. அதற்குப் பிறகு பானு நிமிரவே இல்லை.

தலைமையாசிரியை ஆரோக்கியசெல்வி வந்து புள்ளிகளை மட்டும் எண்ணினார். "இருபத்துநாலு கேள்விக்கு ஆறு. நாளையிலேர்ந்து அஞ்சாங் கிளாஸ்ல உக்காரட்டும்."

"சின்னப் பிள்ளைகளோடயா?"

"வேற என்ன செய்யச் சொல்றீங்க? அவ உம்மா அமீர் நிஷா வேற, கீழ் வகுப்புல போட்டீங்கன்னா புள்ளைய வீட்டோட நிறுத்திக்கிறேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க."

அவர் போனதும் தையல்நாயகி பெட்டியைத் திறந்து சுருளை வெளியே இழுத்தாள். மூன்றாவது விடை: '0 மூட்டை. ஒரு முறம் போதும்.' வண்டியில் இன்னும் 75 கிலோ ஏற்றினால் எவ்வளவு என்பதற்கு 76,250. முந்நூறு கிலோவை இறக்கினால் மீதி எவ்வளவு என்பதற்கு ஒரே சொல்: 'முடியாது.'

மக்குப் பெண் எழுதின விடைகளாக அவை தெரியவில்லை. வாசலில் பை மாட்டிக்கொண்டு நின்றவளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். சுருள் போனால் போகட்டும்.

"முறம் ஏன் பானு?"

பானு முதலில் அழுதாள். மூக்கைத் தாவணியில் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஒண்ணேகால் கிலோ நெல்லுக்கு எதுக்கு டீச்சர் மாட்டு வண்டி? நானே கையில தூக்கிட்டு வந்துருவேனே. நெடுங்காட்டு மாடெல்லாம் ரொம்ப சோம்பேறி போலன்னு நெனச்சேன்."

"ஒண்ணேகாலா? எங்கே போட்டிருக்கு?"

"இந்தா, விர்குல் இருக்கே." ஒன்றுக்குப் பக்கத்தில் வாலை நீட்டிக்கொண்டிருந்த காற்புள்ளியில் பானுவின் விரல் நின்றது. சைகோனின் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் தசமத்துக்கு அதுதான் குறி. இரண்டால் பெருக்கினாலும் பத்தால் பெருக்கினாலும், எப்படிப் படித்தாலும் எழுத்து ஒன்றுபோலவே வந்ததால், முதல் இரண்டு புள்ளியும் விழுந்திருந்தன.

தையல்நாயகி சுருளோடு தலைமையாசிரியையின் அறைக்கு ஓடினாள். ஆரோக்கியசெல்வி படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "விர்குல்! அடியம்மா, பிரெஞ்சுக்காரன் காலத்துல நானும் அப்படித்தானே படிச்சேன். பாடம் மாறினப்ப அதை மறக்கறதுக்கு ரெண்டு வருஷம் பட்ட பாடு! மறந்தேன் பாருங்க, நல்லா மறந்தேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா எழுத்துல ஒரு மார்க்கு இல்லாம நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

நாளைக்கென்று வைத்திருந்த இரண்டாம் சுருள் இருந்தது. அதிலும் எண்ணுக்கு எண் வால். சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும், பானு பழகிக்கொள்வாள். ஆனால் தப்பு பானுவுடையதல்லவே. தையல்நாயகி பென்சில் சீவும் பிளேடை எடுத்து ஒவ்வொரு காற்புள்ளியாகச் சுரண்டினாள். பானு குனிந்து, உதிர்ந்த தூளை ஊதினாள். சுரண்டின இடத்தில் காகிதம் மெலிந்து வெளிச்சம் தெரிந்தது.

இந்தத் தடவை பானுவின் கையில் குமிழ் நிற்காமல் திரும்பிற்று. ஆரோக்கியசெல்வி நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தார். இருபத்தொரு புள்ளி.

"இங்கயே இரு, ஆறாவதுலயே" என்று பானுவின் தலையில் கையை வைத்துவிட்டு, "உம்மாகிட்ட நானே வந்து சொல்றேன்" என்றார்.

தையல்நாயகி ஏட்டில் எழுதினாள்: 'இருபத்துநான்காவது மாணவியின் சுருள்கள் சேராது. நான் பேசிவிட்டேன்.' கை தயங்கவே இல்லை.

"டீச்சர், இப்பக் கேக்கலாமா?"

"கேளும்மா. எத்தனை வேணாலும் கேளு."

"இந்தப் பெட்டியைச் செஞ்சவர்கிட்ட நான் ஒரு கேள்வி கேக்கணும்."

சுருளின் கடைசியில் வெறுமையாய்க் கிடந்த இடத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு, வாலைக் கொஞ்சம் நீளமாகவே இழுத்து எழுதினாள்: 'ஒரு முறத்தில் 1,250 கிலோ அரிசி இருக்கிறது. தூக்கிவர எத்தனை மாடு வேண்டும்?'

பேராசிரியர் எழுதப்போகும் விடைக்காகப் பக்கத்தில் இடமும் விட்டாள்.