விண்டோஸ் பத்தும் மாட்சு அம்மனும்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அன்று காலை தைவானின் சியாயி நகரில், சந்தைக்குப் பின்னால் உள்ள மாட்சு அம்மன் கோவில் அலுவலகத்தில், கணினி வழக்கம்போல் எட்டு மணிக்குப் போடப்பட்டது.

திரையில் நீல அறிவிப்பு வந்தது. அலுவலகம் பார்க்கும் சூஷின் அதை மூடினாள். மறுநாளும் வந்தது. மறுநாளும் மூடினாள். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு யூ போஷெங்குக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

"வாத்தியாரே, உங்க ஆளு தினமும் வந்து கதவைத் தட்டுறான். வந்து என்னன்னு கேளுங்க."

போஷெங் பள்ளிக்கூடம் எதிலும் பாடம் நடத்தியவர் அல்லர். தைபேயில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் முப்பது ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். வந்த புதிதில் கோவில் அச்சுப்பொறியில் சிக்கிய தாளை உருவி எடுத்தார். அன்றிலிருந்து வாத்தியார். பட்டம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. சந்தையில் வான்கோழிச் சோறு வாங்கினால் கறி கூடுதலாக ஒரு துண்டு விழும்.

பட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் என்ன இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வங்கியில் அவர் கணினியைக் கையால் தொட்டது முதல் சில ஆண்டுகள் மட்டுமே. பிறகெல்லாம் குறிப்பு எழுதினார். 'மேம்படுத்துவதன் சாதக பாதகங்கள் ஆராயப்படலாம்' என்று எழுதுவார். ஆராயப்படும். யாரால் என்று எந்தக் குறிப்பிலும் இருக்காது. அந்த ஒரு வித்தையில் அவரை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது.

கோவில் கணினியில் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு குடும்பங்களின் பெயர், முகவரி, பிறந்த நாள், நேரம் எல்லாம் இருந்தன. சீனப் புத்தாண்டுக்கு, அந்த ஆண்டு நல்லபடியாகப் போக வேண்டி, ஒவ்வொரு பெயரும் சிவப்பு அட்டைச் சீட்டில் அச்சாகி, சன்னதிச் சுவரில் ஒரு சின்ன விளக்கின் கீழே செருகப்படும். அச்சடிக்கும் செயலியை விற்ற கடை மூடிப் பல வருஷம் ஆயிற்று. அச்சுப்பொறி அதைவிடப் பழசு, ஓடினால் தையல் இயந்திரம் போலச் சத்தம் போடும். புதிய பதிப்புக்கு மாற்றினால் இரண்டில் ஒன்று படுத்துவிடலாம். மாற்றாவிட்டால் வாசலில் காவல் இல்லாத வீடு. விவரங்கள் திருடு போகலாம், அல்லது விளக்குகள் பெயரில்லாமல் நிற்கலாம். எது நடந்தாலும் வாத்தியார் பட்டம் போகும். இவற்றில் தன்னை அதிகம் வாட்டுவது எது என்று நேர்மையாக யோசித்தபோது போஷெங்குக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கோவில் கமிட்டித் தலைவர் சுவாங், வான்கோழிச் சோற்றுக் கடைக்காரர், ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

"மாத்தணுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில சொல்லு."

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு அண்ணே."

"உன்னைப் பஞ்சாயத்துக்கா கூப்பிட்டேன்?"

"மாத்தினா அச்சு மெஷின் ஓடாமப் போகலாம். மாத்தலேன்னா எவனாவது உள்ள புகுந்து எல்லாரோட பிறந்த நேரத்தையும் அள்ளிட்டுப் போகலாம்."

"அதை வெச்சு என்ன பண்ணுவான்? எனக்கு எப்போ நல்ல காலம் பொறக்கும்னு கணக்குப் போட்டு அன்னிக்குத் திருட வருவானா?"

"அப்படின்னா கவலையே இல்ல," என்றாள் சூஷின். "உங்களுக்குப் பொறக்கறதுக்குள்ள அவன் கிழவனாயிடுவான்."

இருவரும் சிரித்து முடித்து மறுபடி போஷெங்கின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மாவோட கம்ப்யூட்டர்தானே. அம்மாகிட்டயே கேட்டுடலாமே."

சுவாங் நெகிழ்ந்துபோனார். படித்தவனுக்கு எவ்வளவு பக்தி என்றார். போஷெங் தலையைக் குனிந்துகொண்டார். பக்தியெல்லாம் இல்லை. கோப்பில் கையெழுத்துப் போட ஒரு மேலதிகாரி கிடைத்துவிட்ட நிம்மதி.

சன்னதி முன் அம்மனிடம் குறி கேட்கும் பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டு தயாராக இருந்தன. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. கீழே போட்டால் ஒன்று தட்டையும் ஒன்று உருண்டையுமாக விழுவது சம்மதம். இரண்டும் உருண்டை மேலே என்றால் மறுப்பு. இரண்டும் தட்டை மேலே என்றால் அம்மன் சிரிக்கிறாள். பெரிய விஷயத்துக்குத் தொடர்ந்து மூன்று சம்மதம் வேண்டும்.

போஷெங் ஊதுபத்தி ஏற்றி முணுமுணுத்தார். 'இக்கோவிலின் கணினியைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது உகந்ததாகக் கருதப்படலாமா என்பது குறித்து...' கட்டைகளைப் போட்டார். சிரிப்பு. மறுபடி போட்டார். சிரிப்பு. மூன்றாவதும் சிரிப்பு.

கும்பிட வந்த பெண்கள் இரண்டு பேர் பின்னால் நின்றுவிட்டார்கள்.

"என்னடி, வீடு வாங்குறாரா?"

"இல்லக்கா. கம்ப்யூட்டராம்."

"எம் மவ கல்யாணத்துக்கே அம்மா இவ்வளவு யோசிக்கலியே."

சுவாங் அருகில் வந்து குந்தினார்.

"பேரு சொன்னியா?"

"எந்தப் பேரு?"

"உன் பேருதான். பொறந்த நாளு, எந்தத் தெரு, எல்லாம். கேக்கறது யாருன்னு தெரியாம அம்மா யாருக்குப் பதில் சொல்லுவாங்க?"

"கோவில் சார்பா கேட்டேன் அண்ணே."

"கோவிலே அம்மாவோடது. அவங்க வீட்டுக்கே வந்து, அவங்க சார்பா, அவங்ககிட்டயே கேட்டிருக்கே. சிரிக்காம என்னய்யா பண்ணுவாங்க?"

பின்னால் நின்ற பெண்கள் அம்மனோடு சேர்ந்துகொண்டார்கள்.

பெயர் சொல்ல வேண்டும் என்பது போஷெங்குக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். மறந்துபோகவில்லை. நாக்கு முப்பது ஆண்டுப் பயிற்சியில் தானாக அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தது. அம்மனுக்கும் குறிப்பு அனுப்பியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். நகல் யாருக்கும் போடவில்லை, அதுவரை லாபம்.

மறுபடி மண்டியிட்டார். பெயர் சொன்னார். பிறந்த நாள் சொன்னார். தெருவும் வீட்டு எண்ணும் சொன்னார். சுவாங் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருந்ததால் மிச்சத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"அம்மா, மாத்தப்போறது நான்தான். ஏதாவது கெட்டா சரி பண்ண வேண்டியதும் நான்தான். மாத்தட்டுமா?"

ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை ஒரு கட்டை நெடுநேரம் ஆடி, அவர் உள்ளூர வேண்டிக்கொண்டதற்கு நேர்மாறாக, சம்மதத்திலேயே போய் நின்றது. பெண்கள் கைதட்டினார்கள். போஷெங் கட்டைகளை எடுக்கக் கையை நீட்டினார்.

"இன்னொரு தடவை, உறுதிப்படுத்திக்க..."

சூஷின் முந்திக்கொண்டு கட்டைகளை எடுத்தாள். "மூணு வந்தாச்சு. நாலாவது கேட்டா அம்மாவுக்குக் கோவம் வரும். எனக்கு இப்பவே வருது."

மறுநாள் காலை போஷெங் பெயர்களையெல்லாம் இரண்டு பென் டிரைவில் நகலெடுத்து ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு மூலைக் கடைக்குப் போய் ஒரு மக்காச்சோளப் பொரிப் பாக்கெட் வாங்கிவந்து கணினிமேல் வைத்தார். சமர்த்தாக இரு என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்தப் பொரியை இயந்திரத்தின் தலையில் வைத்தால் அது தகராறு செய்யாது என்பது ஊரறிந்த விஷயம். வங்கியில் இருந்தபோது அத்தகைய பாக்கெட்டுகளை உடனே அகற்றும்படி குறிப்பு எழுதியவர் போஷெங்.

"மஞ்சள் பாக்கெட்டா?" என்றாள் சூஷின். "மஞ்சள் விளக்கு எரிஞ்சா வண்டி போகுமா, நிக்குமா? பச்சை வாங்கிட்டு வாங்க."

வாங்கிவந்தார். அவள் பாக்கெட்டைத் திருப்பிக் காலாவதித் தேதியையும் பார்த்த பிறகே வைக்க விட்டாள்.

அவர் பொத்தானை அழுத்தினார். திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. கடையில் கூட்டம் குறைந்ததும் சுவாங் எட்டிப் பார்த்தார்.

"என்ன பண்ணுது?"

"யோசிக்குது அண்ணே."

"உன்னை மாதிரியா? அப்போ புத்தாண்டுக்கு முடியாது."

பிற்பகலில் கணினி புதிய பதிப்பில் திறந்தது. பெயர்கள் அனைத்தும் இருந்தன. விளக்குச் செயலியும் ஓடியது. அச்சுப்பொறி மட்டும் ஓடவில்லை. அதைப் புதிய பதிப்புக்குத் தெரியவே தெரியவில்லை. இரவல் வாங்கிய வேறு அச்சுப்பொறிகளில் சிவப்பு அட்டை நுழையவில்லை.

"அம்மாகிட்ட பேரோட சொல்லியிருக்கே," என்றார் சுவாங்.

விளக்குப் பதிவு டிசம்பரில் தொடங்கியது. சீட்டுகளை யூ போஷெங் திரையைப் பார்த்துத் தூரிகையால் எழுதினார். கையெழுத்து சரியில்லை என்று சிலவற்றைச் சூஷின் திருப்பித் தந்தாள். அவற்றை மறுபடி எழுதினார். பிப்ரவரி 17ஆம் தேதி புத்தாண்டு பிறந்தபோது எல்லா விளக்குகளின் கீழும் பெயர் இருந்தது.