சிவப்பு ஐம்பத்தொன்று

ராய்ஸுக்கு வாய்க்கொழுப்பு அதிகம். கைக்கொழுப்பு அதைவிட அதிகம். அதனால்தான் லோரீன் அவனை விவாகரத்து செய்தாள். செய்து என்ன பயன்? சனி பிடித்த மாதிரி அவள் பின்னாலேயே அலைந்தான்.

அவள் ஒரு கைத்துப்பாக்கி வாங்கினாள். வகுப்புக்குப் போய், சுட்டுக் காட்டி, உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு போக லைசன்ஸும் எடுத்தாள். டெக்சஸில் அது ஒன்றும் அதிசயமில்லை. ராய்ஸும் அதே லைசன்ஸ் வைத்திருந்தான். அதற்குப் பிறகு மளிகைக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ அவன் அவள் பக்கம் தலைகாட்டவில்லை. அவள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாத இடமாகப் பார்த்து வந்தான், கோழை. அப்படி ஓர் இடம்தான் அவள் வேலை பார்த்த மேவிஸின் மதுக்கடை.

அங்கே தின்பதற்கு என்று இருந்தது ஊறுகாய் முட்டையும் வறுத்த கடலையும்தான். வருமானத்தில் பாதிக்குமேல் குடியிலிருந்து வரும் கடை, வாசலில் சிவப்பாக ஐம்பத்தொன்று என்று எழுதிய பலகையை மாட்டியாக வேண்டும். அதைத் தாண்டித் துப்பாக்கியோடு உள்ளே போனால், லைசன்ஸ் இருந்தாலும் சிறைதான். அதனால் லோரீன் தன் துப்பாக்கியை வண்டியில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு வேலைக்குப் போவாள். நாள் முழுக்க ஒரு கண் வாசல்மேலேயே இருக்கும்.

சாயங்காலமானால் ராய்ஸ் வந்துவிடுவான். வாசலைத் தாண்டியதும் உள்சுவரில் இருந்த அந்தப் பலகையை வலது உள்ளங்கையால் தட்டுவான்.

"படிச்சியாடி மகாராணி? உன் பொம்மை வண்டியில தூங்குதா?"

பிறகு ஒரே பீரை வைத்துக்கொண்டு அவளையே முறைத்துக்கொண்டிருப்பான். போன வாரம் மிச்சச் சில்லறையை நீட்டிய அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். "ஒழுங்கா வீட்டுக்கு வந்துடு. இல்லன்னா இங்கேயே உன் கதை முடிஞ்சிரும்" என்று காதோடு சொன்னான்.

மேவிஸுக்கு வயிறு எரிந்தது. "பேசாம துப்பாக்கியை ஏப்ரனுக்குள்ள சொருகிக்கடி. எவன் பாக்கப் போறான்? நான் கண்டுக்கவே மாட்டேன்."

"வேணாம்க்கா. பிடிபட்டா லைசன்ஸும் போகும், நானும் உள்ள போவேன். அவனுக்குக் கொண்டாட்டமா போயிடும். அந்தச் சிவப்பு எழுத்து எனக்கு மட்டுமா எழுதியிருக்கு?"

சொல்லி முடித்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. கடைக்கு வரும்போதெல்லாம் ராய்ஸ் வலது முழங்கையை விலாவோடு ஒட்டியே வைத்திருந்தான். முதுகைச் சாய்ப்பதே இல்லை. இடுப்பில் இரும்பு இருந்தால்தான் அவன் அப்படி உட்காருவான். ஆறு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா? படுபாவி, ஊருக்குத்தான் உபதேசம்!

மறுநாள் காலையிலேயே ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போய், அங்கே துணை அதிகாரியாக இருந்த ஓடெலிடம் சொன்னாள். அவர் மோவாயைச் சொறிந்தார்.

"முழங்கை ஒட்டியிருக்குன்னு ஒருத்தனைத் தடவிப் பாக்க முடியுமாம்மா? பழைய புருஷன் மேல இருக்கற ஆத்திரத்துல சொல்றாள்னு கேஸையே தூக்கி வீசிடுவாங்க. நான் என் கண்ணால பாக்கணும்."

"பாப்பீங்க. சாயங்காலம் சாதா சட்டையில வாங்க. வாசலைப் பாத்து உக்காந்து ஒரு காப்பி குடிங்க, போதும்."

கடைக்கு வந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பலகையைக் கழற்றி, முன்பு இருந்ததைவிட நன்றாக உயர்த்தி ஆணி அடித்தாள்.

"எதுக்குடி இது?" என்றாள் மேவிஸ்.

"எல்லாருக்கும் நல்லாத் தெரியட்டும்க்கா."

சாயங்காலம் ஓடெல் மூலையில் காப்பியோடு உட்கார்ந்திருந்தார். ராய்ஸ் உள்ளே வந்தான். வழக்கமான இடத்தில் தட்டக் கை போனது, வெறும் சுவர். அண்ணாந்து பார்த்தான். பிறகு போனால் போகிறது என்று கையை இறக்கினான்.

லோரீன் கல்லாவிலிருந்து குரல் கொடுத்தாள்.

"என்ன ராய்ஸ், எட்டலையா? ஸ்டூல் கொண்டாரட்டுமா?"

குடித்துக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ராய்ஸின் காது சிவந்தது. பூட்ஸ் நுனியில் எக்கி, வலது கையை நீட்டி, பலகையைப் படாரென்று அறைந்தான். சட்டை இடுப்புக்குமேல் ஏறியது. கறுப்புத் தோலுறையும் துப்பாக்கிப் பிடியும் கடை முழுக்கத் தெரிந்தன.

ஓடெல் காப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "ராய்ஸ், அந்தக் கையை அப்படியே மேலயே வெச்சுக்க. இன்னொண்ணையும் தூக்கு."

விலங்கு பூட்டி வெளியே இழுத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. "நீதானடி என்னை மாட்டிவிட்டே!" என்று கத்தினான்.

"நான் பலகையைத்தான் மாட்டினேன், ராய்ஸ்," என்றாள் லோரீன். "மாட்டிக்கிட்டது நீ."

அன்று அவனுக்கு இன்னும் ஒரு பீர்கூட ஊற்றியிருக்கவில்லை. அவள் துணியை எடுத்து அவன் உட்காரும் இடத்தைத் துடைத்தாள். பிறகு, அந்தக் கடையில் முதல்முறையாக, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று வேலையைப் பார்த்தாள்.