பச்சைப் பாதங்கள் போன வீடு

நகராட்சி அலுவலகத் தரையில் வரைந்திருந்த பச்சைப் பாதங்கள், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, தாமாகவே வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கின. வரையச் சொன்னவர் ஊக்கப் பிரிவு அதிகாரி. யாரையும் வற்புறுத்தாமல் சனங்களை நல்ல பழக்கத்துக்குத் திருப்புவது அவர் வேலை. லிப்ட் திறந்தேதான் இருக்கும்; பாதங்கள் மட்டும் படிக்கட்டுப் பக்கம் போகும்; சுவரில் ‘கட்டாயமில்லை’ என்று எழுதியிருக்கும். நாம் படியேறினோம். அதிகாரி லிப்டில் போனார். அளவுக்கு வேறு கால் கிடைக்காமல் பெயின்டர் அதிகாரியின் காலையே அட்டையில் வைத்து வரைந்து வெட்டியதுதான் வினையாகிப் போனது. யாருடைய காலோ, அது அவர் மனசு போகிற இடத்துக்குத்தானே போகும்?

வீட்டிலும் அவர் அதே அதிகாரிதான். பதினொரு வருடத்தில் மனைவியிடம் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. டீ வேண்டுமென்றால் பால் பாத்திரத்தை அடுப்புப் பக்கம் நகர்த்தி வைப்பார். சலித்துப்போய் அவள் பெட்டியைக் கட்டிய அன்று, அவளுடைய செருப்பை அலமாரியின் எட்டாத மேல்தட்டுக்கு மாற்றிவிட்டு, “உன் இஷ்டம்” என்றார். அவள் வெறுங்காலோடு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பாதங்கள் மூன்று தெரு கடந்து அந்த அக்கா வீட்டு வாசலில் நின்றன. பச்சைப் பாதத்தைக் கண்டால் நமக்குக் கால் சும்மா இருக்குமா? வரிசையாகப் பின்னாலேயே போனோம். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்திருந்த, இதை எழுதுகிறவனும் போனான்; எங்கே போகிறோம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, மடையன்.

மனைவி கதவைத் திறந்தாள். “ஊரே வந்திருக்கீங்க. வரவேண்டிய மனுஷன் எங்க?”

மதியத்துக்கு மேல்தான் அவர் வந்தார். “வீட்டுல ஜன்னல் பக்கம் உனக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கேன்” என்று இழுத்தார்.

“நாற்காலி கிடக்கட்டும். வாயைத் திறந்து கேளுங்க.”

“முடியாதுன்னு சொல்லிட்டா?”

“சொல்லுவேன். அதுக்குத்தானே கேக்கறது!”

ஊருக்கெல்லாம் விருப்பத்தை ஊட்டிய மனிதருக்குத் தன் விருப்பம் தொண்டைக்கு வர முழுசாக நாலு நிமிடம் ஆனது. “நீ இல்லாம முடியலை. வீட்டுக்கு வந்துடு.”

“இன்னைக்கு முடியாது” என்று அவள் கதவைச் சாத்தினாள். அவர் எதையும் நகர்த்தி வைக்காமல் வீடு திரும்பினார். ஒன்பதாம் நாள், வேறு தெரு வழியாக, தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வந்து சேர்ந்தாள்.

பாதங்கள் அக்கா வீட்டு வாசலிலேயே தங்கிவிட்டன. இன்றும் நம்மில் இரண்டு மூன்று பேர் அவற்றைத் தேடிக்கொண்டு அங்கே போய் வரிசையில் நிற்கிறோம். அக்கா ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்புகிறாள்.